பழமரத்தில் கோடாலி வைக்காதே: இயற்கையைப் பற்றி யூதச் சட்டம் சொல்வது என்ன?

யூத மதத்தின் சுற்றுச்சூழல் போதனை ஒரு போர்ச் சட்டத்திலிருந்து தொடங்குகிறது. உபாகமம் 20ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்கள் அவை. ஒரு படை எதிரியின் நகரத்தை முற்றுகையிட்டிருக்கிறது. நாட்கள் நீள்கின்றன. மதிலைத் தாக்க அரண் கட்ட வேண்டும், அதற்கு மரம் வேண்டும். சுற்றிலும் எதிரியின் பழத்தோட்டங்கள். வெட்டலாமா? கூடாது என்கிறது தோரா, அதாவது உபாகமமும் அடங்கிய பைபிளின் முதல் ஐந்து நூல்கள். பழத்தைப் பறித்துச் சாப்பிடலாம், மரத்தில் கோடாலி வைக்கக் கூடாது. பழம் தராது என்று உறுதியாகத் தெரிந்த மரத்தை மட்டும் வெட்டிக்கொள்ளலாம்.

அவ்வளவுதான் சட்டம். காட்டைப் பற்றியோ காற்றைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் இன்றைக்குப் பிளாஸ்டிக் குப்பை, உணவு வீணாவது, நீர்நிலைகள் என்று எதைப் பற்றி ஒரு ரப்பி (யூத மதகுரு) பேசினாலும், பேச்சு சுற்றிவந்து இந்த வசனத்தில்தான் நிற்கும். 'பல் தஷ்கித்' என்று அதற்குப் பெயர். 'அழிக்காதே' என்று பொருள். இரண்டு வசனங்கள் எப்படி இவ்வளவு பெரிதாக வளர்ந்தன என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். பைபிள் படித்த தமிழ் வாசகர்கள் பலர், பழைய ஏற்பாட்டைப் படித்துவிட்டால் யூத மதம் தெரிந்துவிடும் என்று நினைப்பதுண்டு. யூதர்களுக்கு வசனம் ஒரு தொடக்கம் மட்டுமே. அந்த வசனத்துக்கு என்ன அர்த்தம், எதுவரை பொருந்தும், எங்கே விதிவிலக்கு என்று ரப்பிகள் தலைமுறை தலைமுறையாக வாதாடியிருக்கிறார்கள். அந்த வாதங்களின் தொகுப்பில் மிஷ்னா கி.பி. 200 வாக்கில் உருவானது. பாபிலோனியத் தல்மூது அதற்கடுத்த மூன்று நூற்றாண்டுகளில் வளர்ந்தது. அப்படி உருவான சட்டத்துக்கு ஹலாக்கா என்று பெயர். ஆகவே இயற்கையைப் பற்றிய யூதப் போதனையைத் தேடுகிறவர் வழக்கறிஞர்களின் வாக்குவாதம் போன்ற ஒன்றைப் படிக்கத் தயாராக இருக்க வேண்டும். வனத்தின் அழகைப் பாடும் பகுதிகள் பைபிளின் சங்கீதங்களில் நிறைய உண்டு. சட்டம் அங்கிருந்து வரவில்லை.

முற்றுகையிலிருந்து வீட்டு விளக்குக்கு

ரப்பிகளின் தர்க்கம் எளிமையானது. உயிர் போகும் போர்க்காலத்தில், எதிரியின் மரத்தையே அழிக்கக் கூடாதென்றால், சமாதான காலத்தில் நம் கையில் இருப்பதை வீணாக்க மட்டும் அனுமதி எங்கிருந்து வரும்? இப்படித்தான் சட்டம் மரத்தைத் தாண்டியது.

தல்மூதில் ரவ் சூத்ரா என்பவர் சொல்லும் எடுத்துக்காட்டு விளக்கு. எண்ணெய் விளக்கை மூடிவைத்தாலோ, நாஃப்தா (எளிதில் ஆவியாகும் எண்ணெய்) விளக்கைத் திறந்துவைத்தாலோ எரிபொருள் வேகமாகத் தீர்ந்துபோகும். அப்படிச் செய்கிறவர் 'அழிக்காதே' என்ற கட்டளையை மீறுகிறார் என்கிறார் அவர். சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன்பே எரிபொருள் சிக்கனத்தை மதக் கட்டளையாகப் பேசியிருக்கிறார்கள்! நம் காலத்து ரப்பிகளுக்கு இது பிடித்தமான மேற்கோள் என்பதில் ஆச்சரியமில்லை.

இன்னொரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரவ் ஹூனா தன் மகனுக்குக் கோபம் வருகிறதா என்று சோதிக்க, அவன் கண் முன்னாலேயே ஒரு பட்டுத் துணியைக் கிழித்தார். மகன் பெற்றோரை மதிப்பது பற்றிய இடத்தில் வரும் கதை இது. ஆனால் தல்மூது அதோடு விடவில்லை. சரி, மகனைச் சோதித்தார், துணியை வீணாக்கினாரே, அது 'அழிக்காதே' கட்டளையை மீறியது ஆகாதா என்று குறுக்குக் கேள்வி போடுகிறது. தையல் இருந்த இடத்தில்தான் கிழித்தார், திரும்பத் தைத்துக்கொள்ளலாம் என்பது பதில்.

12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கொர்தோபாவில் பிறந்து எகிப்தில் வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர் மைமோனிதேஸ் இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தினார். மரத்தை வெட்டுவது மட்டுமல்ல, அதற்குப் போகும் வாய்க்காலைத் திருப்பிவிட்டு அதைக் காயவிடுவதும் குற்றம். பாத்திரத்தை உடைப்பது, உடையைக் கிழிப்பது, கட்டடத்தை இடிப்பது, நீரூற்றை அடைப்பது, உணவை நாசமாக்குவது எல்லாமே இந்தத் தடைக்குள் வரும். ஆனால் தோராவின் கசையடித் தண்டனை பழமரத்துக்கு மட்டும்தான். மற்றவை ரப்பிகள் விதித்த தண்டனைக்குரியவை. இறந்தவர் உடல்மீது விலையுயர்ந்த துணிகளை அள்ளிப் போடுவதையும் அவர் கண்டிக்கிறார். புழுவுக்குப் போவதற்குள் அதை ஏழைகளுக்குக் கொடுங்கள் என்கிறார்.

13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய கட்டளை விளக்க நூல் இதே கருத்தைக் கடுகில் கொண்டுவந்து நிறுத்துகிறது. நல்லவர்கள் இந்த உலகத்தில் ஒரு கடுகைக்கூட வீணாக்க மாட்டார்கள், ஏதாவது அழிவதைக் கண்டால் வருந்துவார்கள், முடிந்தால் காப்பாற்றுவார்கள் என்பது அதன் சாரம்.

அப்போ மரமே வெட்டக் கூடாதா?

வெட்டலாம். இங்கேதான் யூதச் சட்டத்தின் குணம் தெரிகிறது. பல் தஷ்கித் தடுப்பது பயனில்லாத அழிவை. பயனுக்காக அழிப்பது வேறு கணக்கு.

ஒரு பேரீச்ச மரம் ஒரு 'கவ்' பழம் கொடுத்தால்கூட (ஏறக்குறைய ஒரு படி என்று வைத்துக்கொள்ளுங்கள்) அதை வெட்டக் கூடாது என்கிறார் 'ரவ்' என்றே அழைக்கப்படும் ஒரு ரப்பி. உடனே ரவீனா ஒரு திருத்தம் போடுகிறார்: பழத்தைவிட மரத்தின் கட்டைக்கு விலை அதிகமென்றால் வெட்டலாம். சாமுவேல் என்ற ரப்பியின் குத்தகைக்காரர் ஒருநாள் பேரீச்சம்பழம் கொண்டுவந்தார். தின்றால் திராட்சை ரசத்தின் ருசி. ஏனென்று கேட்டால், மரங்கள் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே நிற்கின்றனவாம். கொடிகளின் சத்தையெல்லாம் உறிஞ்சுகிறதா, அப்படியானால் அந்த மரங்களின் வேரைக் கொண்டுவா என்றார் சாமுவேல். ரவ் ஹிஸ்தா இதைப் பச்சையாகவே சொன்னார்: திராட்சை பேரீச்சையை வாங்கும், பேரீச்சை திராட்சையை வாங்காது. திராட்சையில் வரும் காசில் பேரீச்சந்தோட்டம் வாங்கலாம், பேரீச்சையில் வரும் காசில் திராட்சைத் தோட்டம் வாங்க முடியாது என்று பொருள்.

தல்மூதின் அதே பக்கத்தில்தான் ரப்பி ஹனீனாவின் துயரமும் இருக்கிறது. தன் மகன் இறந்ததற்குக் காரணம், அவன் ஓர் அத்திமரத்தைக் காலத்துக்கு முன்பே வெட்டியதுதான் என்கிறார் அவர். ஒரு பக்கம் சந்தை விலை, மறுபக்கம் சாவு பற்றிய அச்சம். இரண்டையும் தல்மூது பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறது. இன்றும் பக்தியுள்ள யூதர்கள், வீட்டை விரிவாக்கப் பழமரம் ஒன்று இடைஞ்சலாக நின்றால், கட்டுமானக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ரப்பியைக் கேட்பது வழக்கம்.

இந்தச் சட்டத்தின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். மைமோனிதேஸின் தீர்ப்பின்படி, பழம் தராத மரத்தைத் தேவை இல்லாவிட்டாலும் வெட்டலாம். அதாவது மனிதனுக்குச் சோறு போடாத மரத்துக்கு இந்தச் சட்டத்தில் பெரிய பாதுகாப்பு இல்லை. சதுப்பு நிலத்துக்கும் புதர்க்காட்டுக்கும் இதை வைத்து வாதாடப் போனால், வசனத்தை ரொம்ப இழுக்க வேண்டியிருக்கும். யூத மதம் முழுக்கப் பசுமை மதம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

இந்த நிலம் யாருடையது?

1967இல் லின் வைட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 'சயின்ஸ்' இதழில் எழுதிய ஒரு கட்டுரை பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. சுற்றுச்சூழல் நெருக்கடியின் வேர் மேற்கத்திய கிறித்தவத்தில் இருக்கிறது, பூமியை ஆண்டுகொள்ள மனிதனுக்கு உரிமை உண்டு என்ற எண்ணம் படைப்புக் கதையிலிருந்து வந்தது என்பது அவர் வாதம். ஆதியாகமம் யூதர்களுக்கும் பொதுவான நூல் என்பதால் அம்பு அவர்கள்மேலும் பாய்ந்தது.

முதல் அதிகாரத்தில் பூமியைக் கீழ்ப்படுத்து, ஆண்டுகொள் என்று இருப்பது உண்மை. ஆனால் இரண்டாம் அதிகாரத்தில் ஆதாமைத் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவும் என்று இருக்கிறது. ரப்பிகளின் பழைய விரிவுரை ஒன்று இன்னும் மேலே போகிறது. கடவுள் ஆதாமை ஏதேன் தோட்டத்து மரங்களுக்கு நடுவே கூட்டிச்சென்று காட்டினாராம். என் படைப்பு எவ்வளவு அழகாயிருக்கிறது பார், எல்லாம் உனக்காகத்தான். இதைக் கெடுத்துவிடாதே, நீ கெடுத்தால் உனக்குப் பின் சரிசெய்ய ஆளில்லை என்றாராம். மைமோனிதேஸ் தம் தத்துவ நூலில் 'எல்லாம் உனக்காக' என்பதையே மறுக்கிறார். மற்ற படைப்புகள் மனிதனுக்காக இல்லை, தத்தமக்காகவே இருக்கின்றன என்பது அவர் நிலைப்பாடு.

எனக்குப் பட்டவரை, யூதப் போதனையின் மையம் இந்த விவாதத்தில் இல்லை. லேவியராகமம் 25:23இல் இருக்கிறது. நிலத்தை நிரந்தரமாக விற்கக் கூடாது, ஏனென்றால் நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் தங்கியிருக்கும் பரதேசிகள் என்கிறார் கடவுள். உரிமையாளர் வேறொருவர், நாம் குடியிருக்கிறவர்கள். குத்தகைக்காரன் விளைச்சலை எடுத்துக்கொள்ளலாம், நிலத்தைக் கெடுக்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் முன்னே பார்த்த சட்டங்களும் பின்னே வரப்போவதும் ஒரே நூலில் கோத்ததுபோல் புரியும்.

தல்மூதில் இதற்கொரு கதை இருக்கிறது. ஒருவர் தன் வயலிலிருந்த கற்களைப் பொறுக்கிப் பொதுவழியில் வீசிக்கொண்டிருந்தார். அந்த வழியாக வந்த பக்திமான் ஒருவர் கேட்டார்: 'உன்னுடையதல்லாத இடத்திலிருந்து உன்னுடைய இடத்துக்கு ஏனப்பா கல் வீசுகிறாய்?' வயல்காரருக்குச் சிரிப்பு. பிறகு நிலத்தை விற்க வேண்டி வந்தது. ஒருநாள் அந்தப் பொதுவழியில் நடந்துபோனவர், தான் வீசிய கற்களிலேயே தடுக்கி விழுந்தார். அப்போதுதான் புரிந்தது, கைமாறிப்போனது வயல், தன்னோடு இருப்பது தெரு.

பொதுவிடத்தைக் காக்கும் விதிகள் மிஷ்னாவில் ஏராளம். தோல் பதனிடும் கூடமும் செத்த விலங்குகளும் கல்லறைகளும் ஊரிலிருந்து 50 முழம் தள்ளி இருக்க வேண்டும். அதிலும் தோல் கூடத்தை ஊருக்குக் கிழக்கே மட்டும்தான் வைக்கலாம். காற்றோடு நாற்றம் ஊருக்குள் வரக் கூடாதே. நிரந்தரக் களத்துக்கும் 50 முழம், பதர் பறக்கும். எருசலேமுக்குள் சூளை போடக் கூடாது, புகை வரும் என்கிறது தல்மூது. கோவில் பணி செய்த லேவியர் குலத்தின் ஊர்களைச் சுற்றித் திறந்தவெளி விட வேண்டும் என்று எண்ணாகமம் சொல்கிறது. அதை வயலாக மாற்றக் கூடாது என்று தல்மூது சேர்த்துக்கொண்டது.

விலங்குகள் பற்றிய சட்டம் தனிக் கட்டுரைக்கான பொருள். வாராந்தர ஓய்வுநாளில் மாட்டுக்கும் ஓய்வு. கூட்டில் தாய்ப் பறவையைத் துரத்திவிட்டுத்தான் குஞ்சை எடுக்கலாம். வளர்ப்பு விலங்குக்குத் தீனி போட்ட பிறகுதான் நாம் சாப்பிடலாம். 18ஆம் நூற்றாண்டில் பிராகா நகரத்து ரப்பி எஸக்கியேல் லாண்டாவிடம் ஒரு பணக்காரர், பொழுதுபோக்குக்கு வேட்டையாடலாமா என்று கேட்டனுப்பினார். சட்டப்படி நேரடித் தடை இல்லை என்று ஒப்புக்கொண்ட லாண்டாவ், தோராவில் வேட்டைக்காரர்கள் என்று வருவது நிம்ரோதும் ஏசாவும்தான், ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபின் வழிவந்தவனுக்கு இது என்ன வேலை என்று திருப்பிக் கேட்டார்.

ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு விடுமுறை

நிலம் கடவுளுடையது என்பதை வெறும் பேச்சாக விடாமல் விவசாயியின் வயிற்றில் கைவைக்கும் சட்டம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஷ்மிட்டா. ஆறு ஆண்டு விதைத்து அறுக்கலாம், ஏழாம் ஆண்டு நிலம் சும்மா கிடக்க வேண்டும். விதைக்கக் கூடாது, கிளை கழிக்கக் கூடாது. தானாக விளைவதற்கு உரிமையாளர் என்று யாருமில்லை. ஏழையும் வழிப்போக்கனும் எடுத்துக்கொள்ளலாம், மிச்சத்தைக் காட்டு விலங்குகள் தின்னலாம். அந்த ஆண்டின் முடிவில் கடன்களும் தள்ளுபடி. இந்தச் சட்டத்தை மீறினால், மக்கள் நாடு கடத்தப்பட்டு, நிலம் தனக்குச் சேர வேண்டிய ஓய்வை அப்படி எடுத்துக்கொள்ளும் என்று லேவியராகமம் எச்சரிக்கிறது.

ஷ்மிட்டா எதற்கு? மண்ணின் வளம் கூடட்டும் என்பதற்காக என்கிறார் மைமோனிதேஸ். மற்றவர்களுக்கு அந்தப் பதில் போதவில்லை. மண்வளம்தான் நோக்கமென்றால் வயல்களை மாற்றி மாற்றித் தரிசு போட்டால் போதுமே, நாடு முழுவதும் ஒரே ஆண்டில் ஏன் நிறுத்த வேண்டும் என்பது நியாயமான கேள்விதான். எனக்கு இது மண்ணுக்கு ஓய்வு கொடுப்பதைவிட, நிலத்துக்காரனை ஓராண்டு நிலமற்றவனோடு ஒரே வரிசையில் நிறுத்தும் ஏற்பாடாகவே தெரிகிறது.

இந்தச் சட்டம் இஸ்ரேல் நாட்டு மண்ணுக்கு மட்டும் பொருந்தும். அதனால் நூற்றாண்டுகளாகப் பெரும்பாலான யூதர்களுக்கு இது ஏட்டில்தான் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாலஸ்தீனத்தில் யூத விவசாயக் குடியிருப்புகள் தோன்றியதும் சிக்கல் உயிர்பெற்றது. ஓராண்டு விளைச்சலை விட்டால் புதுக் குடியேறிகள் பட்டினிதான். 1889இல் சில ரப்பிகள் ஒரு வழி கண்டார்கள். நிலத்தைத் தற்காலிகமாக யூதரல்லாதவருக்கு விற்றுவிட்டால் அது யூதர் நிலம் ஆகாது, வேலை செய்யலாம். பின்னாளில் தலைமை ரப்பியான ஆபிரகாம் ஐசக் கூக், 1909-10 ஷ்மிட்டாவில் இதை ஆதரித்தார். கடுமையான எதிர்ப்பும் இருந்தது. கடவுளுடைய நிலம் என்று காட்டுவதற்காக வந்த சட்டத்தை ஒரு விற்பனைப் பத்திரத்தால் தாண்டுவதா என்று இன்றுவரை கேட்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டை ஏற்காதவர்கள் அந்த ஆண்டில் அரபு விவசாயிகளின் காய்கறி, இறக்குமதி, மண்ணில்லாமல் வளர்த்தவை என்று வாங்கிக்கொள்கிறார்கள். இன்னொரு வழியும் உண்டு. ரப்பி நீதிமன்றமே விவசாயிகளை வேலைக்கு வைத்து, தோட்டத்துப் பழங்களைப் பறித்து, செலவை மட்டும் வாங்கிக்கொண்டு மக்களுக்குப் பங்கிடும். ஏழாம் ஆண்டு விளைச்சல் புனிதமானது என்பதால் அதை வீணாக்கவும் கூடாது. பக்தியுள்ள வீடுகளின் சமையலறையில் அந்த ஆண்டு தனியாக ஒரு தொட்டி இருக்கும். பழத்தோலும் மிச்சமும் அதில் போடப்பட்டு, தானாக அழுகிய பிறகுதான் குப்பைக்குப் போகும்.

கடைசி ஷ்மிட்டா 2021 செப்டம்பரில் தொடங்கி 2022இல் முடிந்தது. அடுத்தது 2028 செப்டம்பரில். இஸ்ரேலுக்கு வெளியே வாழும் யூதச் சுற்றுச்சூழல் குழுக்கள், சட்டப்படி தங்களுக்குக் கட்டாயமில்லை என்றாலும், இதை நுகர்வைக் குறைக்கும் ஆண்டாக எடுத்துப் பேசுகின்றன.

நடுவதும் பிடுங்குவதும்

யூத நாட்காட்டியில் மரங்களுக்கென்று ஒரு புத்தாண்டு உண்டு, 'து பிஷ்வாத்'. ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும். தொடக்கத்தில் இது ஒரு வரிக்கணக்குத் தேதி. எந்தப் பழம் எந்த ஆண்டின் தசமபாகத்தில் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) சேரும் என்று பிரிக்கத்தான். இன்று இஸ்ரேலில் இது மரம் நடும் நாள். 1901இல் நிறுவப்பட்ட யூத தேசிய நிதியம் கோடிக்கணக்கான மரங்களை நட்டிருக்கிறது. அதன் மீதான விமர்சனங்களும் சிறியவையல்ல. ஆரம்ப காலத்தில் பெரும்பாலும் ஒரே வகைப் பைன் மரங்களை நட்டதால் பூச்சியும் தீயும் எளிதாகப் பரவின. 1948இல் மக்கள் வெளியேறிய பாலஸ்தீனக் கிராமங்களின் இடிபாடுகள்மேல் சில காடுகள் நிற்கின்றன.

மேற்குக் கரையில் பாலஸ்தீனர்களின் ஒலிவ மரங்கள் இஸ்ரேலியக் குடியேறிகளில் சிலரால் வெட்டப்படுவதும் பிடுங்கப்படுவதும் ஐ.நா. அமைப்புகள் தொடர்ந்து பதிவுசெய்துவரும் செய்தி. 1988இல் தொடங்கப்பட்ட 'மனித உரிமைகளுக்கான ரப்பிகள்' அமைப்பினர் அறுவடைக் காலத்தில் அந்த விவசாயிகளோடு போய் ஒலிவம் பறிக்கிறார்கள். எதிரியின் பழமரத்தைப் போரில்கூட வெட்டாதே என்ற சட்டத்துக்கு இதைவிட நேரடியான சோதனை இருக்க முடியாது.

இதைவிட அன்றாடமான தகராறு ஒன்று சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. கடும் பழமைவாத யூதக் குடும்பங்களில் பிள்ளைகள் அதிகம். ஓய்வுநாள் விருந்துகளுக்கு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, தம்ளர் சாதாரணம். 2021 நவம்பரில் இஸ்ரேல் அரசு இவற்றுக்குக் கிலோவுக்கு 11 ஷெக்கல் வரி போட்டது. இது எங்களைக் குறிவைத்த வரி என்று பழமைவாதக் கட்சிகள் கொதித்தன. ஆட்சி மாறியது, 2023 தொடக்கத்தில் வரி நீக்கப்பட்டது. வீட்டுக்காரியின் நேரமும் உழைப்பும் மிச்சமாகிறது, தூக்கி எறியவே செய்த தட்டு, ஆகவே இது பயனுள்ள செலவுதான், பல் தஷ்கித் ஆகாது என்பது ஒரு தரப்பு. ரவ் ஹிஸ்தாவின் கணக்கு இவர்களுக்குத் துணை. நேரத்தின் விலையைக் கணக்கில் சேர்த்தீர்கள், அந்தத் தட்டு கடலுக்குப் போய்ச் சேர்ந்தபின் ஆகும் விலையையும் சேருங்கள் என்கிறது எதிர்த்தரப்பு.